மிடி ஃபுட் கன்ட்ரோலருக்குக் கேபிள் வழியே கரண்ட்: எரியவே இல்லையா, எரிந்து அணைகிறதா, இரைகிறதா?

போன டிசம்பரில், கேரல் ரவுண்டுக்கு முந்தின நாள் ராத்திரி, கோத்தகிரியில் ஒரு சர்ச் ஹாலில் இருந்து தம்பி ஒருவன் போன் செய்தான். "அண்ணா, கால் போர்டு செத்துப்போச்சுண்ணா. நேத்து வரைக்கும் எரிஞ்சுது." என்ன மாற்றினாய் என்று கேட்டேன். "ஒண்ணும் மாத்தலண்ணா. கேபிள் மட்டும் புதுசு, பழசு நீளம் பத்தல."

கேபிள் மட்டும்! கால் போர்டு என்பது கிட்டார் சத்தத்தை மாற்றக் காலால் மிதிக்கும் மிடி ஃபுட் கன்ட்ரோலர். கேபிள் வழியாகவே கரண்ட் வாங்குகிற கன்ட்ரோலருக்கு அந்தக் கேபிள்தான் எல்லாமே. அந்த ராத்திரியும் அடுத்த நாள் காலையும் அவனோடு பார்த்ததையும், அதற்கு முன்னால் பல வருடமாக இங்கே மலைமேல் பார்த்ததையும், என்ன கோளாறு தெரிகிறது என்பதை வைத்துப் பிரித்து எழுதுகிறேன். உங்கள் கோளாறு எதுவோ அங்கே நேராகப் போங்கள், ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம்.

கரண்ட் எந்த வழியாக வருகிறது

மிடி, அதாவது இசைக் கருவிகளும் பெட்டிகளும் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் முறை, 1983இல் வந்தது. அதன் 5 பின் சாக்கெட்டை எதிரே வைத்துப் பார்த்தால் அரை வட்டமாக ஐந்து ஓட்டைகள் இருக்கும். அவற்றின் எண்கள் வரிசையாக ஓடாது: 1, 4, 2, 5, 3 என்றுதான் இருக்கும். நடுவில் இருப்பது 2, அதன் இருபுறமும் 4, 5, இரண்டு ஓரங்களிலும் 1, 3. இந்த வரிசையை ஒரு காகிதத்தில் எழுதி மல்டிமீட்டர் பையிலேயே போட்டு வையுங்கள், ஏனென்றால் வரிசையாக எண்ணிக்கொண்டு போய் தப்பான பின்னில் ஈயம் வைத்தவர்கள் நிறையப் பேர்.

மிடி தகவலுக்கு 4, 5 இரண்டும், ஷீல்டுக்கு 2ம் போதும். 1ம் 3ம் சும்மா இருக்கும். அந்தத் தகவல் வெறும் 5 மில்லிஆம்பியரில் ஓடுவது. 4ஆம் பின்னில் 5 வோல்ட் இருக்கிறது, உண்மைதான், ஆனால் வழியில் 220 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் நேராக ஷார்ட் செய்தாலே 23 மில்லிஆம்பியருக்கு மேல் வராது. சின்ன மிடி ஃபில்டர் பெட்டி சில அதிலேயே பிழைத்துக்கொள்ளும். டிஸ்ப்ளே, பத்துப் பன்னிரண்டு எல்இடி எல்லாம் வைத்த கால் போர்டுக்கு அது காணாது.

அதனால் சும்மா இருக்கிற பின்களில் கரண்டை அனுப்புகிறார்கள். இதைத்தான் ஃபேன்டம் பவர் என்கிறார்கள். சில கன்ட்ரோலர்களில் 5 பின் கேபிளின் 1, 3 வழியாக வரும். பலவற்றில் 7 பின் கேபிள், அதில் கூடுதலாக இரண்டு ஓரங்களிலும் இருக்கிற 6, 7 வழியாக வரும். மைக்குக்குப் போகிற 48 வோல்ட் ஃபேன்டம் வேறு, இது வேறு, பெயர் மட்டும்தான் ஒன்று. பெயரைக் கேட்டுவிட்டு மிக்சரில் இருக்கும் 48 வோல்ட் பட்டனை யாரும் தேட வேண்டாம்.

முக்கியமான விஷயம், ரேக் பக்கம் (போர்டின் கட்டளையைக் கேட்டு கிட்டார் சத்தத்தை மாற்றும் பெட்டிகள் இருக்கும் பக்கம்) யாராவது கரண்டை உள்ளே விட்டால்தான் அது கால் பக்கம் வரும். ரேக்கில் தகவல் உள்ளே வரும் மிடி இன் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஃபேன்டம் என்று எழுதிய சின்ன அடாப்டர் ஓட்டை இருந்தால், பெரும்பாலும் அது நேராக அந்த இரண்டு பின்களுக்கும் வயர் போட்டதுதான், உள்ளே வேறு சர்க்கியூட் எதுவும் இருக்காது. மேட்டுப்பாளையம் ரோட்டில் ஏறுகிற வண்டியும் இறங்குகிற வண்டியும் போல, ஒரே கேபிளில் தகவல் ரேக்கை நோக்கி ஏறுகிறது, கரண்ட் காலை நோக்கி இறங்குகிறது. ஒன்று நின்றாலும் மற்றது ஓடும். அதனால்தான் லைட் எரிகிறது என்பதற்காக கேபிள் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

இவ்வளவு சிரமம் எதற்கு என்றால், எங்கள் ஊரில் இது ஆடம்பரம் இல்லை. மேடைக்கு முன்னால் பிளக் பாயின்ட் இருக்காது, பாதி நிகழ்ச்சிகள் புல்தரையில், மஞ்சு இறங்கினால் அரை மணி நேரத்தில் தரை ஈரம். அந்த ஈரத்தில் 230 வோல்ட் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் காலடியில் போடுவதை விட 9 வோல்ட் வருகிற கேபிள் ஒன்றை இழுப்பது எவ்வளவோ மேல். பெரிங்கர் எஃப்சிபி1010 மாதிரி சில போர்டுகள் மெயின்ஸையே நேராக உள்ளே வாங்குபவை, டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிக்குள்ளேயே இருக்கும். அவற்றை ஃபேன்டமுக்கு மாற்றி அமைப்பவர்கள் இருக்கிறார்கள். மெயின்ஸ் வேலை தெரியாதவர் அதைத் திறக்கவே கூடாது.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், ஒரு டார்ச், கன்ட்ரோலரின் மேனுவல். கூடவே ஒரு சிவப்பு எல்இடி வைத்த மிடி பிளக், அதை எப்படிச் செய்வது என்று பிறகு சொல்கிறேன்.

ஒன்றுமே எரியவில்லை

முதலில் கேபிளைக் கழற்றி இரண்டு முனையிலும் பின்களை எண்ணுங்கள். 5 பின் பிளக் 7 பின் சாக்கெட்டில் அழகாக உட்கார்ந்துவிடும், உள்ளே போனதும் வித்தியாசமே தெரியாது. ஆனால் 6ம் 7ம் தொடுவதற்கு ஆளே இல்லை. தம்பிக்கு நடந்தது இதுதான். கடையில் மிடி கேபிள் என்று கேட்டான், நல்ல மிடி கேபிளைத்தான் கொடுத்தார்கள், அதில் 5 பின்.

உங்களுடையது 1, 3 வழியாகக் கரண்ட் வாங்கும் வகை என்றால் பின்களை எண்ணினால் மட்டும் போதாது. ஐந்து பின் தெரியும், உள்ளே மூன்று வயர்தான் இருக்கும். கடையில் கிடைக்கும் கேபிள்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் என்பது என் அனுபவம், அவை மிடிக்குக் குறையே இல்லாதவை, கரண்டுக்கு மட்டும் உதவாதவை. மல்டிமீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வைத்து ஒரு முனையின் 1இல் ஒரு கம்பி, மறுமுனையின் 1இல் இன்னொரு கம்பி. அப்புறம் 3க்கு 3. பீப் வரவில்லையா, கேபிள்தான். பீப் வந்தாலும் விடாதீர்கள், 1க்கும் 3க்கும் நடுவில் வைத்துப் பாருங்கள், அங்கே பீப் வரக் கூடாது. வந்தால் உள்ளே ஷார்ட், அடாப்டர் அதனாலேயே படுத்திருக்கும். பிளக்கின் உலோக உறையோடு 1 அல்லது 3 தொட்டுக்கொண்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பழைய டேப் ரெக்கார்டர் காலத்து டின் கேபிள் (இதே வட்டப் பிளக் வைத்தது) வீட்டில் கிடந்தது என்று எடுத்து வருவார்கள். பிளக் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே வயர்கள் குறுக்கும் நெடுக்குமாக மாறியிருக்கலாம். அதில் கரண்ட் விடுவதற்கு முன் ஐந்தையும் ஒவ்வொன்றாகச் சோதிக்காமல் போட வேண்டாம்.

கேபிள் சரி என்றால் அடாப்டர். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 1980, 90களின் ரேக் சாமான்களும் போர்டுகளும் பலவும் 9 வோல்ட் ஏசி கேட்பவை. மல்டிமீட்டரை டிசியில் வைத்து ஏசி அடாப்டரை அளந்தால் பூஜ்யம் காட்டும், உடனே அடாப்டர் போச்சு என்று தூக்கிப் போட்டுவிடுவோம். அடாப்டரின் முதுகைப் படியுங்கள், அவுட்புட் என்ற இடத்தில் ஏசியா டிசியா என்று இருக்கும். ஏசி என்றால் மீட்டரை ஏசிக்கு மாற்றி அளந்து பாருங்கள்.

இதன் மறுபக்கம்தான் ஆபத்து. டிசி மட்டும் கேட்கும் போர்டுக்கு ஏசி கொடுத்தால் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் கெட்டுப்போகும். ஏசி கேட்கும் போர்டுக்கு டிசி கொடுத்தால் சிலது ஓடும், சிலது ஓடாது, ஏனென்றால் சில போர்டுகள் அந்த ஏசியை வைத்துத்தான் பிளஸ், மைனஸ் இரண்டையும் உள்ளே தயாரிக்கின்றன. மேனுவலில் எது எழுதியிருக்கிறதோ அதையே கொடுங்கள். டிசி என்றால் நடுமுனை பிளஸா மைனஸா என்ற சின்னப் படத்தையும் பாருங்கள். கிட்டார் பெடல் அடாப்டர்கள் பெரும்பாலும் நடுவில் மைனஸ், வீட்டில் இருக்கும் ரவுட்டர் அடாப்டர் நடுவில் பிளஸ். இரண்டும் ஒரே ஓட்டையில் நுழையும்.

அடாப்டரும் சரி, கேபிளும் சரி, இன்னும் எரியவில்லை என்றால் ரேக்கில் ஃபேன்டம் வருகிற சாக்கெட் எது என்று பாருங்கள். மிடி இன்னில் மட்டும்தான் வரும், தகவல் வெளியே போகும் அவுட்டிலோ, வந்ததை அப்படியே கடத்திவிடும் த்ரூவிலோ சொருகியிருந்தால் வராது. சில போர்டுகளில் மெயின்ஸ் அடாப்டரா ஃபேன்டமா என்று தேர்ந்தெடுக்க முதுகில் ஒரு சின்ன ஸ்விட்சும் இருக்கும்.

இன்னொன்று. சில கன்ட்ரோலர்கள் 1, 3 பின்களை ரேக்கில் இருந்து திரும்பி வரும் மிடி தகவலுக்கே எடுத்துக்கொள்கின்றன, கரண்டுக்கு 6, 7 மட்டும். அப்படிப்பட்ட போர்டின் 1, 3இல் கரண்டை விட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. மேனுவல் படம் இல்லாமல் யாரும் இதில் கை வைக்க வேண்டாம்.

எரிகிறது, மிதிக்கும்போது அணைந்து திரும்ப எரிகிறது

இதுதான் ஆளைச் சுற்ற வைக்கிற கோளாறு, தம்பிக்கு இரண்டாம் நாள் வந்ததும் இதுதான். 7 பின் பிளக் இரண்டு கைவசம் இருந்தது, ராத்திரியோடு ராத்திரியாக 12 மீட்டர் மெல்லிய மல்டிகோர் வயரில் ஈயம் வைத்துக் கேபிள் செய்துவிட்டான். வேலை சுத்தம், பீப் எல்லாம் சரி. காலையில் நான் போய்ப் பார்த்தபோது டிஸ்ப்ளே எரிந்தது, எழுத்து மட்டும் கொஞ்சம் மங்கல். பேங்க் (சத்தங்களின் ஒரு தொகுப்பு) மாற்ற மிதித்தான், எல்லா எல்இடியும் ஒன்றாக எரியப் பார்த்தது, பொசுக்கென்று அணைந்து, முதலில் இருந்து பெயர் காட்டிக்கொண்டு எழுந்தது. பாட்டு நடுவில் இப்படி நடந்தால் நான்கு செகண்ட் கிட்டாரே இல்லை.

"மீட்டர் வச்சுப் பாத்தேண்ணா, அந்த முனையிலயும் 9.1 வருதுண்ணா" என்றான். கேபிளைப் போர்டில் இருந்து கழற்றி, வெறும் பிளக்கில் அளந்திருக்கிறான். கரண்ட் ஓடாதபோது வயரில் வோல்டேஜ் இறங்காது, எவ்வளவு மெல்லிய வயராக இருந்தாலும் முழு 9.1ஐயும் காட்டும். லோடு போட்டு அளக்க வேண்டும். போர்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, கால் முனையில், அந்த இரண்டு பின்களுக்கு நடுவில். பிளக்கின் உறையைத் திருகிப் பின்னால் தள்ளினால் ஈயம் வைத்த இடம் தெரியும், மீட்டர் கம்பிகளை அங்கே தொட்டுவிடலாம், ஒன்றோடொன்று உரசாமல். அப்படி அளந்தபோது 7.3 காட்டியது, பேங்க் மாற்றும்போது அதற்கும் கீழே ஒரு துள்ளல்.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. 28 கேஜ் வயர் ஒரு மீட்டருக்கு சுமார் 0.21 ஓம் (கேஜ் எண் கூடக் கூட வயர் மெல்லியது). 12 மீட்டர் கேபிளில் கரண்ட் போகவும் வரவும் 24 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 5 ஓம். அந்தப் போர்டு 350 மில்லிஆம்பியர் இழுத்தால் 1.8 வோல்ட் வயரிலேயே கரைந்துவிடுகிறது. உள்ளே போன 7.3இல் பாதுகாப்பு டையோடு ஒன்று 0.7ஐச் சாப்பிடும். மிச்சம் 6.6. உள்ளே 7805 மாதிரி, வோல்டேஜை 5இல் நிறுத்தி வைக்கும் மூன்று கால் ரெகுலேட்டர் ஒன்று இருந்தால் அது 5 வோல்ட்டை ஒழுங்காகக் கொடுக்கக் கிட்டத்தட்ட 7 வோல்ட் வேண்டும். அதனால் சும்மா இருக்கும்போது எப்படியோ தாக்குப்பிடிக்கிறது, எல்லா எல்இடியும் ஒன்றாக எரியும் நொடியில் பிராசசர் விழுந்து எழுகிறது.

அதே 12 மீட்டரை 24 கேஜ் வயரில் செய்தால் மீட்டருக்கு 0.084 ஓம், மொத்தம் 2 ஓம், இழப்பு 0.7 வோல்ட். 8.4 வந்து சேரும், டையோடு போக 7.7. போர்டு நிம்மதியாக ஓடும். தகவல் பின்களுக்கு மெல்லிய வயரே போதும், 6க்கும் 7க்கும் மட்டும் தடித்ததாகப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். மல்டிகோரில் மிச்சம் வயர் இருந்தால் இரண்டிரண்டாகச் சேர்த்துப் போடுங்கள், ரெசிஸ்டன்ஸ் பாதியாகும். நாங்கள் அன்று செய்தது அதுதான், ஒன்பது கோரில் நான்கு சும்மா கிடந்தது, இரண்டை 6இலும் இரண்டை 7இலும் சேர்த்தோம். மூன்று வயர் சேர்ந்தபோது இழப்பு மூன்றில் ஒன்றாகி 0.6க்கு வந்துவிட்டது.

12 வோல்ட் அடாப்டர் போட்டால் போகாதா என்று கேட்பார்கள். போர்டின் முதுகில் 9 முதல் 12 வரை என்று எழுதியிருந்தால் போடலாம். 9 மட்டும் எழுதியிருந்தால் வேண்டாம். 12ஐ 5 ஆக்க ரெகுலேட்டர் 7 வோல்ட்டை வெப்பமாகத்தான் எறிய வேண்டும், 350 மில்லிஆம்பியரில் அது கிட்டத்தட்ட இரண்டரை வாட். மூடிய பெட்டிக்குள் அது தொட முடியாத சூடு.

இது எல்லா நாளும் வராமல் சாயங்காலம் மட்டும் வருகிறது என்றால் வயரை விட்டுவிட்டு மெயின்ஸைப் பாருங்கள். ஹாலுக்கு வருகிற லைனிலேயே தேயிலை ஃபேக்டரி மோட்டார்களும் ஓடினால் சாயங்காலம் 230 என்பது 190க்கு இறங்குவதை நானே மீட்டரில் பார்த்திருக்கிறேன். கையில் தூக்கினால் கனமாக இருக்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் அந்த இறக்கத்தை அப்படியே கீழே தள்ளும், 9 வோல்ட் 7.4 ஆகிவிடும். லேசான எஸ்எம்பிஎஸ் அடாப்டர், முதுகில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியது, இதற்கு அசையாது. டிசி கேட்கும் போர்டுக்கு அதையே வாங்குங்கள். ஏசி கேட்கும் போர்டுக்கு அந்த வசதி இல்லை, ரேக் முழுவதையும் ஒரு ஸ்டெபிலைசர் வழியாக எடுப்பதுதான் வழி.

அடாப்டரில் எழுதியிருக்கும் மில்லிஆம்பியர் போர்டு கேட்பதை விடக் கூடுதலாக இருக்கலாம், தப்பே இல்லை. குறைவாக இருக்கக் கூடாது.

லைட் எரிகிறது, பேட்ச் மாறவில்லை

பேட்ச் என்பது ரேக்கில் சேமித்து வைத்த ஒரு சத்தம். கரண்ட் இறங்குகிறது, தகவல் ஏறவில்லை. முதலில் மிடி சேனல், ரேக்கில் ஒன்று போர்டில் ஒன்று இருக்கும், அதைப் பார்த்துவிடுங்கள், இந்த வகைப் புகாரில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

அதற்கு மேல் எல்இடி பிளக் வேண்டும். ஒரு 5 பின் ஆண் பிளக், ஒரு சிவப்பு எல்இடி. எல்இடியின் நீளக் காலை 4இல், குட்டைக் காலை 5இல் வைத்து ஈயம் வையுங்கள். வேறு ரெசிஸ்டர் எதுவும் தேவையில்லை, மிடி அவுட்டிலேயே இரண்டு 220 ஓம் இருக்கிறது. போர்டை அதன் சொந்த அடாப்டரில் ஓடவிட்டு, இந்தப் பிளக்கை மிடி அவுட்டில் சொருகி ஒரு ஸ்விட்சை மிதியுங்கள். ஒரு மினுக்கு தெரிய வேண்டும். பேட்சை மாற்றச் சொல்லும் கட்டளையான புரோகிராம் சேஞ்ச் இரண்டே பைட், மிடியின் வேகம் செகண்டுக்கு 31,250 பிட், ஆக மொத்தமே 0.64 மில்லிசெகண்ட்தான். வெளிச்சத்தில் கண்ணுக்குச் சிக்காது, உள்ளங்கையால் கூடாரம் போல மூடிக்கொண்டு உள்ளே பாருங்கள். எக்ஸ்பிரஷன் பெடலை (காலால் சாய்த்து ஒலியளவு போன்றவற்றை மாற்றுவது) முன்னும் பின்னும் ஆட்டினால் தகவல் தொடர்ந்து ஓடும், இன்னும் நன்றாகத் தெரியும். மினுக்குகிறது என்றால் போர்டு பேசுகிறது. அப்புறம் 5 பின் பெண் சாக்கெட் ஒன்றிலும் இதே போல எல்இடி வைத்து, கேபிளின் மறுமுனையில் சொருகிப் பாருங்கள், அங்கேயும் மினுக்கினால் கேபிளும் சரி. (உங்களுடையது 7 பின் கேபிள் என்றால் சாக்கெட்டும் 7 பின்னாக இருக்க வேண்டும், 7 பின் பிளக் 5 பின் சாக்கெட்டில் நுழையாது.)

போர்டில் மினுக்கி, கேபிள் முனையில் மினுக்கவில்லை என்றால் 4, 5 வயர் அறுந்திருக்கிறது அல்லது இடம் மாறியிருக்கிறது. வீட்டில் ஈயம் வைத்த கேபிளில் இடம் மாறுவது சகஜம். ரேக்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது, மிடி இன்னில் ஆப்டோ ஐசோலேட்டருக்கு (தகவலை வெளிச்சமாக மாற்றிக் கடத்தும் சில்லு) பக்கத்தில் தலைகீழ் மின்னோட்டத்தைத் தாங்க ஒரு டையோடு வைத்திருப்பார்கள். மாற்றி வைத்தால் சரியாகிவிடும்.

3.5 மில்லிமீட்டர் குட்டி ஜாக் வழியாக மிடி போகிற புதுப் பெட்டிகளில் இதே கோளாறு வேறு உருவத்தில் வரும். டைப் ஏ, டைப் பி என்று இரண்டு வகை உண்டு, ஏவில் டிப் என்பது 5ஆம் பின், பியில் டிப் 4ஆம் பின். 2018இல் ஏவைத்தான் பொது வகையாக ஏற்றார்கள், அதற்கு முந்தின பெட்டிகளில் பி நிறைய இருக்கிறது. இந்தக் குட்டி ஜாக்கில் மூன்றே தொடுமுனைகள், மூன்றும் தகவலுக்கே போய்விட்டது. ஃபேன்டம் அதில் வராது, தேடவும் வேண்டாம்.

பேட்ச் மாறுகிறது, ஆனால் ஒன்று தள்ளி மாறுகிறது என்றால் அது கேபிளே இல்லை. ஒரு பெட்டி 0இல் இருந்து எண்ணுகிறது, இன்னொன்று 1இல் இருந்து. செட்டிங்கில் மாற்றிக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோலரைச் சொருகியதும் ஆம்ப் இரைகிறது

இரைச்சல் எந்தச் சுருதி என்று முதலில் கேளுங்கள். ஆறாவது கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டை மீட்டுங்கள், அது 98 ஹெர்ட்ஸ். இரைச்சல் ஏறக்குறைய அதே சுருதியில், கொஞ்சம் கரகரப்பாக இருந்தால் அது 100 ஹெர்ட்ஸ், அடாப்டரின் டிசி சுத்தமாக இல்லை, உள்ளே கெபாசிட்டர் வயதாகியிருக்கும். வேறு அடாப்டர் போட்டால் போய்விடும். அதற்கும் ஒரு ஆக்டேவ் கீழே, அடிவயிற்றில் இருந்து வருவது போல இருந்தால் 50 ஹெர்ட்ஸ், எர்த் லூப், அதாவது இரண்டு பெட்டிகளின் கிரவுண்ட் இரண்டு வழியாகச் சேர்ந்து வளையமாகிவிட்டது.

மிடி இந்த லூப் வராமல் இருக்கவே யோசித்துச் செய்யப்பட்டது. தகவல் ஆப்டோவில் வெளிச்சமாகத் தாண்டிப் போகிறது, இன் சாக்கெட்டில் 2ஆம் பின்னை எங்கும் இணைப்பதில்லை. ஆனால் ஃபேன்டம் போட்டதும் ரேக்கின் கிரவுண்டும் போர்டின் கிரவுண்டும் கரண்ட் வயர் வழியாகச் சேர்ந்துவிடலாம். போர்டில் இருந்து ஆம்ப் சேனல் மாற்றுவதற்கு ஒரு ஜாக் கேபிளும் போகிறது என்றால் இரண்டு வழி ஆகிவிட்டது. அந்த ஜாக்கைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் உடனே நின்றால் லூப் அதுதான். ஃபேன்டமுக்குத் தனி அடாப்டர், வேறு எந்தப் பெடலுக்கும் பிரியாதது, வைத்தால் பெரும்பாலும் தீரும். ஒரே அடாப்டரில் வரிசையாகப் பெடல்களையும் கன்ட்ரோலரையும் தொங்கவிட்டால் எல்இடி மாறும்போதெல்லாம் டிக் டிக் என்று கேட்கும், அதுவும் இதே குடும்பம்தான்.

மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை உடைத்தால் இரைச்சல் போகும் என்று யாராவது சொல்வார்கள். போகும், மைக்கில் உதடு பட்டால் உயிரும் போகும். செய்யாதீர்கள்.

மழைக்காலத்தில் மட்டும் படுத்துகிறது

ஜூனில் ஊட்டி, கூடலூர் பக்கம் தொடங்கும், அக்டோபரில் குன்னூர், கோத்தகிரி பக்கம். ஹாலில் ஒரு மாதம் கிடந்த கேபிளின் பின்களை டார்ச் அடித்துப் பாருங்கள், பளபளப்பு போய் மங்கலாக, ஓரத்தில் பச்சையாக ஏதோ படிந்திருக்கும். தகவலுக்கு 5 மில்லிஆம்பியர் எப்படியோ போய்விடும், 300 மில்லிஆம்பியருக்கு அந்தப் படிவு ஒரு தடை. பிளக்கை ஆட்டினால் டிஸ்ப்ளே மங்கி மங்கிப் பிரகாசமானால் இதுதான்.

ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துப் பின்களை ஒவ்வொன்றாகத் துடையுங்கள், சாக்கெட்டில் கான்டாக்ட் கிளீனரைக் கொஞ்சமாக அடித்து, கரண்ட் இல்லாமல் பத்து முறை சொருகி எடுங்கள், காய விடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேல்பூச்சு போய், அடுத்த மழையில் இரண்டு மடங்கு வேகமாகப் பச்சை பிடிக்கும். கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரேயும் வேண்டாம், அதில் தூசி ஒட்டும்.

ஜனவரி உறைபனியில் ஜீப்பின் பின்னால் ராத்திரி முழுவதும் கிடந்த போர்டைக் கூட்டம் நிறைந்த ஹாலுக்குள் கொண்டுவந்து உடனே ஆன் செய்யக் கூடாது. மூக்குக் கண்ணாடி மேல் படிவது போல உள்ளே சர்க்கியூட் மேலும் நீர் படியும். பெட்டியைத் திறக்காமல் ஒரு மணி நேரம் ஹாலிலேயே வைத்துவிட்டு அப்புறம் எடுங்கள். பெட்டிக்குள் நான்கைந்து சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைப்பது நல்லது, செருப்பு டப்பாவில் வருவதே போதும்.

யூஎஸ்பி கேபிளில் ஓடுகிற போர்டு, ஐந்து நிமிடத்தில் அணைகிறது

கரண்ட் இல்லாத நாளில் பவர் பேங்கில் ஓட்டுபவர்களுக்கு வருவது இது. போர்டில் கோளாறு இல்லை. இழுக்கும் கரண்ட் மிகக் குறைவாக இருந்தால் போன் சார்ஜ் முடிந்துவிட்டது என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துகொள்ளும். குறைந்த கரண்ட் மோட் என்று ஒன்று சிலதில் உண்டு, பட்டனை இரண்டு முறை அழுத்துவது போல ஏதாவது இருக்கும். இல்லாவிட்டால் இன்னொரு ஓட்டையில் ஒரு யூஎஸ்பி லைட்டைச் சொருகி வையுங்கள், அந்தக் கூடுதல் லோடில் பேங்க் விழித்திருக்கும், உங்களுக்குப் பாட்டுத் தாளும் தெரியும்.

சூடாகிறது, வாடை வருகிறது

அடாப்டரைச் சுவரில் இருந்து முதலில் பிடுங்குங்கள், கேபிளை அப்புறம் பார்க்கலாம். இந்த நிலைக்கு வருவது பெரும்பாலும் மூன்று வழியில்: பிளஸ் மைனஸ் மாறியது, டிசி போர்டுக்கு ஏசி போனது, அல்லது ஃபேன்டம் வருகிற கேபிளைத் தெரியாமல் வேறு பெட்டியில் சொருகியது. கடைசியது மேடையில் எளிதாக நடக்கும், ஏனென்றால் கேபிள் எல்லாம் கறுப்பு. கரண்ட் வருகிற கேபிளின் இரண்டு முனையிலும் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள், அதை வேறு எந்த வேலைக்கும் எடுக்காதீர்கள். நீங்களே ஃபேன்டம் பெட்டி செய்கிறீர்கள் என்றால் 1, 3 வயர்கள் கால் பக்கத்து சாக்கெட்டுக்கு மட்டும் போகட்டும், ரேக் பக்கத்து சாக்கெட்டில் 2, 4, 5 மட்டும் இருக்கட்டும். பிளஸ் வயரில் 500 மில்லிஆம்பியர் பாலிஃப்யூஸ் (தானாக மீளும் ஃப்யூஸ்) ஒன்றைப் போடுங்கள், ஷார்ட் ஆனால் அது தடுத்து நிற்கும், ஆறியதும் தானாகவே திரும்ப விடும்.

வாடை வந்த போர்டு எல்லாம் செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. திறந்து, கரண்ட் உள்ளே வரும் இடத்தில் இருந்து பாருங்கள். முதலில் டையோடு, அப்புறம் உச்சி உப்பிய கெபாசிட்டர், அப்புறம் ரெகுலேட்டர். அநேகமாக இந்த மூன்றில் ஒன்றுதான் முன்னால் நின்று அடி வாங்கியிருக்கும், மூன்றும் கோயம்புத்தூரில் சில்லறைக் காசுக்குக் கிடைப்பவை. 7805 என்றால் எழுத்து உங்களைப் பார்த்து இருக்கும்போது இடது கால் உள்ளே, நடுக்கால் கிரவுண்ட், வலது கால் 5 வோல்ட் வெளியே. புதியதை வைத்ததும், மிடி கேபிளைச் சொருகுவதற்கு முன்னால், போர்டின் சொந்த அடாப்டரை மட்டும் கொடுத்து அந்த வலது காலில் மீட்டரை வையுங்கள். 5 வோல்ட் அசையாமல் நின்றால் சிவப்பு டேப் கேபிளை எடுத்துச் சொருகலாம்.